முப்பத்தொன்பது சீட்டு

வெலிமடைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலை. பெயர் வேண்டாம். சொல்லப்போவது என் பிழை, பாடசாலையை ஏன் இழுப்பானேன்?

அன்றைக்குப் பாடம் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 1964 ஒக்டோபர் 30. இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளியினரில் நாடற்றவர்கள் 975,000 பேர். இந்தியாவுக்கு 525,000, இலங்கைக்கு 300,000. மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். கரும்பலகையில் எழுதிப்போட்டால் பிள்ளைகள் பார்த்தெழுதுவார்கள், பரீட்சையோடு மறந்துவிடுவார்கள்.

25,000 பேருக்கு ஒரு பிள்ளை என்று வகுத்துப் பாருங்கள். மீதியில்லாமல் 39 வரும். என் வகுப்பில் 41 பேர். இருவர் இரு நாட்டுப் பிரதமர்கள், சிறிமாவோவும் லால் பகதூர் சாஸ்திரியும். மற்றவர்களுக்குச் சுருட்டிய சீட்டு. 21-இல் ‘இந்தியா’, 12-இல் ‘இலங்கை’, 6-இல் ஒன்றுமே இல்லை. மேசைக்குப் பின்னால் முத்திரை குத்தும் அதிகாரியாக நான்.

ஆசிரியரே வேடமேற்று வகுப்பை நடத்தும் இந்த முறையை வளர்த்தெடுத்தவர் டொரத்தி ஹீத்கொட் (1926–2011) என்ற ஆங்கிலேய நாடக ஆசிரியை. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அவர் தேவையே இல்லை. மாசியில் காமன் கூத்து பார்த்து வளர்ந்தவர்கள். ரதி வேடம் கட்டியவர் காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பிரட்டில் நின்ற ஆள்தான் என்று தெரிந்தும், மன்மதன் எரிந்ததும் பெண்கள் அவரோடு சேர்ந்து அழுவார்கள்.

வகுப்பும் அப்படியே பற்றிக்கொண்டது. ஜன்னலோரம் இந்தியாவுக்குக் கப்பலேறும் தலைமன்னார் ஆனது. ஒரே வாங்கில் இருக்கும் இரண்டு சிநேகிதிகளுக்கு வெவ்வேறு சீட்டு. ஒருத்தி மாற்றித் தரச்சொல்லி வந்தாள். “சட்டத்தில் இடமில்லை” என்று அதட்டினேன். வெற்றுச் சீட்டுக்காரன் ஒருவன், “சேர், நான் எங்க நிக்கிறது?” என்றான். கதவடியில் நில் என்றேன். மணி அடித்தது. அப்படியே விட்டுவிட்டு அடுத்த வகுப்புக்குப் போய்விட்டேன்.

இடைவேளையில் பார்த்தால் அந்த ஆறு பேரையும் மற்றவர்கள் கதவடிக்கே விரட்டிக்கொண்டிருந்தார்கள். ‘கள்ளத்தோணி’ என்று ஒரு குரல். நான் சொல்லிக்கொடுக்காத சொல்.

கூத்தில் காப்புக் கட்டினால் முடிவில் அவிழ்க்க வேண்டும். நான் கட்டியதோடு சரி.

மறுநாள் 1974-ஐ நடத்தினோம். இரண்டாம் ஒப்பந்தப்படி அந்த ஆறு, மூன்றும் மூன்றுமாகப் பிரிந்தது. பிறகு ஒவ்வொருவராகத் தம் சொந்தப் பெயரைச் சொல்லிச் சீட்டைத் திருப்பித் தந்தார்கள். வட்டமாக உட்கார்ந்தோம். உண்மையில் யாரும் சீட்டுக் குலுக்கவில்லை, விண்ணப்பம்தான் போட்டார்கள் என்பதையும், ஆனால் எத்தனை பேர் என்ற எண்ணிக்கையை இரண்டு அரசுகளும் முன்கூட்டியே முடிவுசெய்துவிட்டன என்பதையும் சொன்னேன். 1984-இல் தலைமன்னார்க் கப்பல் நின்றதையும், பிரசாவுரிமைப் பிரச்சினை 2003 சட்டம் வரை இழுபட்டதையும் சொன்னேன். சிறிமாவோவாக நின்ற பிள்ளை இடையில் சொன்னாள்: “எனக்கு எண்ணிக்கை மட்டுந்தான் தந்தீங்க சேர். யாரு யாருன்னு தெரியல.” அதை நான் யோசித்திருக்கவில்லை.

அடுத்த வாரம் கெப்பெட்டிபொல திசாவை. 1817-இல் ஊவாக் கலகத்தை அடக்க ஆங்கிலேயர் அனுப்ப, வந்த இடத்தில் கலகக்காரரோடு சேர்ந்துகொண்டவர். அவர் பெயரில் உள்ள ஊர் நமக்குப் பக்கத்தில்தான், மரக்கறி லொறிகள் வரிசைகட்டி நிற்குமே, அதுதான். அந்த வேடத்துக்கு இப்போதே ஏழு பேர் கை தூக்கிவிட்டார்கள். அவரை அனுப்பிவைக்கும் வெள்ளைக்காரனுக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை.