வளவில் குளவிக்கூடு இருந்தால்: நாய் உள்ள வீடுகளுக்கான வழிகாட்டல்

ஊர் திரும்பியிருக்கும் உங்களுக்கு முதல் வாரத்தில் இருக்கும் வேலைகள் எமக்குத் தெரியும். கிணற்றை இறைக்க வேண்டும், பற்றையை வெட்ட வேண்டும், கூரையைப் பார்க்க வேண்டும், பிள்ளைகளின் பாடசாலை அனுமதிக்கு அலைய வேண்டும். இவற்றுக்கு நடுவே குளவிக்கூடு ஒரு சின்ன விடயமாகத் தோன்றலாம். ஆனால் ஆளில்லாமல் கிடந்த வளவில் முதல் கத்தி விழும்போது வரக்கூடிய பெரிய ஆபத்துகளில் இதுவும் ஒன்று. வீட்டில் நாய் இருந்தால் அந்த ஆபத்து இன்னும் கூடும்.

தம்பிலுவில், திருக்கோவில் பகுதிகளில் யுத்தத்தாலும் 2004 டிசம்பர் 26 சுனாமியாலும் கைவிடப்பட்ட வளவுகள் பல. சில குடும்பங்கள் சில மாதங்களில் திரும்பின. சில குடும்பங்கள் பல வருடங்கள் கழித்து, தமிழ்நாட்டு முகாம்களிலிருந்தும் திரும்பியிருக்கின்றன. அந்த இடைவெளியில் ஓடு விழுந்த வீடும், கதவில்லாத மலசலகூடமும், மூடிக்கிடந்த பற்றையும் குளவிக்கு நல்ல இருப்பிடமாகிவிட்டன. இந்தக் கட்டுரை சொல்ல வருவது ஒன்றுதான்: கூட்டோடு சண்டை பிடிக்க வேண்டாம். முதலில் அது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள், பிறகு நாயையும் பிள்ளைகளையும் அதிலிருந்து தூரமாக வைத்திருங்கள்.

நாயால் ஏன் ஆபத்து கூடுகிறது?

குளவி தானாகத் தேடி வந்து கொட்டுவதில்லை. கூடு அசைந்தால், நிலம் அதிர்ந்தால், கூட்டுக்கு அருகில் ஏதாவது வேகமாக ஓடினால் தன் குஞ்சுகளைக் காப்பதற்காகக் கொட்டும். இவை எல்லாவற்றையும் நாய் செய்யும். எலிப் பொந்தைத் தோண்டும், பற்றைக்குள் பாயும், பறக்கும் குளவியை வாயால் கவ்வப் பார்க்கும். நசுங்கிய குளவியிலிருந்து வெளிவரும் மணம் மற்றக் குளவிகளையும் அந்த இடத்துக்கு அழைக்கிறது. தேனீ கொட்டினால் அதன் கொடுக்கு தோலில் தங்கிவிடும், தேனீயும் இறந்துவிடும். குளவி அப்படியல்ல. ஒரே குளவி பல தடவை கொட்டும்.

அடுத்து நடப்பதுதான் மிகவும் கவலைக்குரியது. கொட்டு வாங்கிய நாய் ஊளையிட்டுக்கொண்டு தனக்குப் பழக்கமான ஆளிடம் ஓடிவரும். பெரும்பாலும் அது வீட்டுப் பிள்ளையாக இருக்கும். நாயோடு சேர்ந்து குளவிகளும் வரும். நாயைத் தூக்கக் குனிகிற பிள்ளையின் முகமும் கழுத்தும் அப்போது குளவிக்கு எதிரே இருக்கும்.

எந்தக் கூடு எப்படிப்பட்டது?

எல்லாக் கூடும் ஒரே அளவு ஆபத்தானதல்ல. தூர நின்று பார்த்தே பிரித்தறியலாம்.

மண்கூடு: சுவரிலும் கதவு நிலையிலும் ஈரமண்ணால் குழாய் போலவோ கட்டி போலவோ ஒட்டியிருக்கும். இதைக் கட்டும் குளவி கூட்டமாக வாழாது, கூட்டைக் காக்கப் பாய்ந்து வருவதுமில்லை. அப்படியே விடலாம்.

திறந்த சிறு கூடு: இறவாரத்திலோ செடியிலோ சிறு காம்பில் தொங்கும். கடதாசி போன்ற அறைகள் வெளியே தெரியும். குளவிகள் அதன் மேலேயே உட்கார்ந்திருக்கும். தொட்டால் கொட்டும். நடமாட்டம் இல்லாத இடத்தில் இருந்தால் விட்டுவிடுவது நல்லது. மரக்கறிச் செடிகளில் விழும் மயிர்க்கொட்டிகளையும் புழுக்களையும் இக்குளவிகள் பிடித்து உண்கின்றன.

மூடிய பெரிய கூடு: மரக்கிளையில் பானை போலவோ பந்து போலவோ தொங்கும். வெளிப்புறம் முழுவதும் பழுப்புக் கடதாசி போல மூடியிருக்கும். உள்ளே போக ஒரு துவாரம் மட்டும் இருக்கும். குளவி பெரியது, கருமையானது, வயிற்றில் அகன்ற மஞ்சள் பட்டை இருக்கும். இதே போன்ற இன்னொரு பெரிய குளவி நிலப் பொந்திலும் மரக்கொட்டிலும் கூடு கட்டும். உயிராபத்து உள்ளவை இவைதான்.

பெருந்தேனீ: உயர்ந்த மரத்திலோ கட்டடத்திலோ ஒரே ஒரு பெரிய அடையாகத் தொங்கும். சிங்களத்தில் பம்பரா என்பார்கள். மலையகத் தோட்டத் தொழிலாளர்களைக் கொட்டியதாகச் செய்திகளில் ‘குளவி’ என்று வருவது பல தடவைகளில் இதுதான். சிகிரியாக் குன்றில் ஏறுவோரைச் சத்தம் போடாமல் போகச் சொல்வதும் இதற்காகவே. இதையும் நீங்கள் தொட வேண்டாம்.

துப்புரவு தொடங்கும் முன் ஒரு சுற்று

கத்தி, மண்வெட்டி எடுப்பதற்கு முன் பெரியவர்கள் இருவர் வளவை மெதுவாக ஒரு தடவை சுற்றிப் பாருங்கள். பிள்ளைகள் அயல் வீட்டில் இருக்கட்டும். நாயை உள்ளே விட்டுக் கதவைச் சாத்துங்கள். காலை வெயில் ஏறிய பிறகு, குளவிகள் போய்வரும் நேரத்தில் பார்த்தால் அவற்றின் வழி தெரியும்.

ஒவ்வொரு மூலையிலும் பத்து நிமிடம் அசையாமல் நில்லுங்கள். குளவிகள் ஒரே பாதையில் போவதும் வருவதுமாக இருந்தால் அந்தப் பாதையின் முடிவில் கூடு இருக்கும். கண்ணால் மட்டும் தொடருங்கள், கிட்டப் போக வேண்டாம். கட்டாயம் பார்க்க வேண்டிய இடங்கள்:

- இறவாரம், உடைந்த ஜன்னல் நிலை, கதவில்லாத மலசலகூடம்
- பழைய கிடுகுக் குவியல், விறகுக் குவியல், கவிழ்த்து வைத்த தோணி
- கிணற்றின் உட்சுவரும் பழைய தண்ணீர்த் தாங்கியும்
- பனங்கொட்டு, எலிப் பொந்து, பழைய புற்று
- மாமரம், பூவரச வேலி, தென்னை வட்டு

இந்தச் சுற்றின்போது இனந்தெரியாத இரும்புப் பொருள் எதையாவது கண்டால் தொடாமல் பொலிசுக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் அறிவியுங்கள்.

கூடு கண்ட இடத்தைச் சுற்றி நிறத்துணி கட்டிய கயிற்றால் எல்லை போடுங்கள். திறந்த சிறு கூட்டுக்கு 15 அடியும் மூடிய பெரிய கூட்டுக்குக் குறைந்தது 50 அடியும் விடுங்கள். தேங்காய் பறிக்க வருபவருக்கும், கிணறு இறைக்க வருபவருக்கும், அயல் வளவுக்காரருக்கும் சொல்லிவிடுங்கள். வேலி இல்லாத இடங்களில் அயல்வீட்டு நாயும் உங்கள் வளவில்தான் திரியும்.

நாயை என்ன செய்வது?

கட்டி வைத்த நாயால் தப்பி ஓட முடியாது. கூட்டுக்குக் கிட்ட, அல்லது வேலை நடக்கும் இடத்துக்குக் கிட்ட நாயை ஒருபோதும் கட்ட வேண்டாம். வேலை முடியும் வரை வீட்டுக்குள் அடைத்து வைப்பதே சிறந்தது. வீடு இன்னும் கட்டி முடியவில்லை என்றால் வளவின் மறுகோடியில், அல்லது உறவினர் வீட்டில், நிழலும் தண்ணீரும் உள்ள இடத்தில் கட்டுங்கள். ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சுப் போடுங்கள்.

மீன் கழுவிய கழிவும் மிச்சச் சோறும் பழுத்து விழுந்த மாம்பழமும் நாயையும் குளவியையும் ஒரே இடத்துக்குக் கூட்டி வரும். கழிவை ஆழமாகப் புதையுங்கள். நாய்க்குச் சாப்பாடு வைக்கும் இடத்தைக் கூட்டுக்கு எதிர்ப்பக்கமாக மாற்றுங்கள், சாப்பிட்டு முடிந்ததும் பாத்திரத்தைக் கழுவி எடுங்கள். வெறும் வளவுகளில் பழகிய கட்டாக்காலி நாய்களைக் கல்லெறிந்து விரட்ட வேண்டாம். மிரண்ட நாய் எந்தப் பற்றைக்குள் பாயும் என்று சொல்ல முடியாது.

பிள்ளைகளுக்கு ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்: நாய் கத்திக்கொண்டு ஓடிவந்தால் அதைத் தூக்காதே, வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்து. இது இரக்கமில்லாத செயல் அல்ல. குளவி விலகிய பிறகு பெரியவர்கள் நாயைப் பார்த்துக்கொள்வார்கள்.

கூட்டை அகற்ற வேண்டுமா?

நடமாட்டமில்லாத மூலையில் இருந்தால் வேண்டாம். கதவடி, கிணற்றடி, பிள்ளைகள் போகும் வழி என்றால் அகற்றத்தான் வேண்டும்.

மூடிய பெரிய கூட்டையும் பொந்துக் கூட்டையும் பெருந்தேனீ அடையையும் நீங்கள் அகற்ற முயல வேண்டாம். கிராம உத்தியோகத்தரிடம் சொல்லி, பிரதேச சபைக்கும் எழுத்தில் அறிவித்து, பழக்கமும் பாதுகாப்பு உடையும் உள்ளவரைக் கொண்டு செய்யுங்கள். அதுவரை கயிற்று எல்லை இருக்கட்டும்.

இறவாரத்தில் உள்ளங்கையிலும் சிறிய திறந்த கூடு என்றால், முன்பு குளவி கொட்டி ஒவ்வாமை வராத ஒரு பெரியவர் நன்றாக இருட்டிய பிறகு செய்யலாம். உடல் முழுவதும் தடித்த உடுப்பும், தலைக்கும் முகத்துக்கும் மறைப்பும் தேவை. டோர்ச் வெளிச்சத்தைக் கையில் பிடிக்காமல் ஒரு பக்கமாக வையுங்கள், குளவி வெளிச்சத்தை நோக்கித்தான் வரும். சவர்க்காரம் கரைத்த தண்ணீரை விசிறியால் கூடு நனைய அடித்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்துங்கள். மறுநாள் குளவி இல்லை என்று பார்த்து, நீண்ட தடியால் தட்டிப் புதைத்துவிடுங்கள். ஏணியில் ஏறிச் செய்ய வேண்டாம்.

செய்யக் கூடாதவை:

- தென்னோலைச் சூள் கொளுத்திப் பிடிப்பது. கிடுகுக் கூரைக்கும் காய்ந்த பற்றைக்கும் தீ தாவும்.
- பொந்துக்குள் பெற்றோல், மண்ணெண்ணெய் ஊற்றுவது.
- வயலுக்கு அடிக்கும் கிருமிநாசினியை ஊற்றுவது. எமது கரையோர மணலில் ஊற்றியது கிணற்றுத் தண்ணீரை எட்டும். நாயும் கோழியும் அந்த இடத்தை நக்கும், கொத்தும்.
- கல்லெறிவது, கவணால் அடிப்பது.

கொட்டிவிட்டால்: மனிதருக்கு

1. கையை வீசாமல், முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு ஓடுங்கள். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்துங்கள். கிணற்றிலோ குளத்திலோ குதிக்க வேண்டாம்.
2. கொடுக்கு தெரிந்தால் உடனே சுரண்டி எடுங்கள். சவர்க்காரமும் தண்ணீரும் போட்டுக் கழுவி, குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியை வையுங்கள். மோதிரம், காப்பு என்பவற்றை வீங்கும் முன் கழற்றுங்கள். சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் பூச வேண்டாம்.
3. மூச்சுத் திணறல், குரல் அடைப்பு, முகம் அல்லது நாக்கு வீக்கம், உடல் முழுவதும் தடிப்பு, வாந்தி, தலைசுற்று, மயக்கம் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம். கடும் ஒவ்வாமை உள்ளவருக்கு ஒரே கொட்டும் உயிரைப் பறிக்கலாம். அதற்கான அட்ரினலின் ஊசி வைத்தியசாலையில் உண்டு. இலவச அம்புலன்ஸ் சேவையான 1990 சுவசெரியவை அழையுங்கள். மயங்கியவரைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சுத் திணறுபவரைச் சாய்ந்து உட்கார வையுங்கள். நடக்க விட வேண்டாம்.
4. பத்துக் கொட்டுக்கு மேல் என்றாலும், வாய்க்குள் அல்லது தொண்டையில் கொட்டியிருந்தாலும், ஆள் நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் வைத்தியசாலைக்குப் போங்கள். சிறு பிள்ளைகளையும் முதியவர்களையும் கர்ப்பிணிகளையும் அதற்குக் குறைந்த கொட்டுக்கும் காட்டுங்கள்.

நான்காவது விடயத்தைப் பலர் கவனிப்பதில்லை. சீனாவின் ஷான்சி மாகாணத்தில் 2013இல் பெருங்குளவிகள் கொட்டி 40 பேருக்கு மேல் இறந்தார்கள். பல கொட்டு வாங்கியவர்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. விஷம் தசையைச் சிதைக்க, அது சிறுநீரகத்தை அடைப்பதே காரணம். இது மணித்தியாலங்கள் கழித்தும், ஓரிரு நாள் கழித்தும் தெரியவரலாம். சிறுநீர் தேயிலைச் சாயம் போல் கறுத்தாலோ குறைந்தாலோ உடனே திரும்பவும் வைத்தியசாலைக்குப் போங்கள்.

கொட்டிவிட்டால்: நாய்க்கு

குளவி விலகும் வரை பொறுத்திருந்து, பிறகு அமைதியாகக் கூப்பிடுங்கள். வலியில் இருக்கும் நாய் வளர்த்தவரையும் கடிக்கும். தடித்த துணியைக் கையில் சுற்றிக்கொண்டு தொடுங்கள். மூச்சுத் திணறும் நாயின் வாயைக் கட்ட வேண்டாம். ஈரத்துணியால் ஒத்தி, நிழலில் வைத்துத் தண்ணீர் கொடுங்கள். பனடோல் போன்ற மனித மாத்திரைகள் நாய்க்கு நஞ்சாகலாம், கொடுக்க வேண்டாம். வாய், தொண்டை வீங்கினாலோ, வாந்தி, தள்ளாட்டம், முரசு வெளிறுதல் இருந்தாலோ, பல இடங்களில் கொட்டியிருந்தாலோ உங்கள் பிரிவின் அரச கால்நடை வைத்தியர் அலுவலகத்துக்குக் கொண்டு போங்கள்.

நாய் யாரையாவது கடித்துவிட்டால் காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். விசர்நாய்க்கடி வந்த பிறகு மருந்தில்லை. உங்கள் நாய்க்குத் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்பதை ஊர் திரும்பிய முதல் மாதத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

கதவுக்குப் பின்னால் எழுதி ஒட்டுங்கள்

அம்புலன்ஸ்: 1990. கிட்டிய வைத்தியசாலை: திருக்கோவில் ஆதார வைத்தியசாலை. அடுத்தது அக்கரைப்பற்று ஆதார வைத்தியசாலை. கிராம உத்தியோகத்தரின் இலக்கம், கால்நடை வைத்தியர் அலுவலக இலக்கம், இரவில் கூப்பிடக்கூடிய ஓட்டோக்காரரின் இலக்கம் ஆகிய மூன்றையும் நீங்களே கேட்டு எழுதுங்கள். வாசிக்கத் தெரிந்த பிள்ளையிடம் ஒரு தடவை வாசிக்கச் சொல்லுங்கள்.

வளவு பல காலம் காத்திருந்தது. துப்புரவு இன்னும் ஒரு நாள் பொறுக்கும். அந்த ஒரு நாளை நின்று பார்ப்பதற்குச் செலவிடுங்கள்.