இரண்டு மில்லிமீட்டர் தூரம்

1987-இல் கேனன் நிறுவனம் இஓஎஸ் என்ற புதிய கேமரா வரிசையைக் கொண்டுவந்தபோது ஒரு வேடிக்கை நடந்தது. போட்டி நிறுவனமான நிக்கானின் பழைய லென்ஸை, இடையில் ஒரு மெல்லிய உலோக வளையத்தை வைத்து அந்தக் கேமராவில் மாட்டிவிடலாம். ஆனால் கேனனே 1971 முதல் விற்றுவந்த எஃப்டி லென்ஸை மாட்ட வழி செய்தால், தூரத்தில் இருப்பது எதுவும் தெளிவாக விழாது. சொந்த வீட்டுச் சாவி வாசலிலேயே நின்றுவிட, பக்கத்து வீட்டுச் சாவி உள்ளே நுழைந்த கதை. அதே எஃப்டி லென்ஸ் இன்று சோனி, ஃபூஜி, நிக்கான் என்று எந்த மிரர்லெஸ் கேமராவிலும் ஒரு வெற்றுக் குழாயின் துணையோடு ஒழுங்காக வேலை செய்கிறது. பழைய மேனுவல் லென்ஸ்கள் மறுபடி புழக்கத்துக்கு வந்ததைப் பழமை மோகம் என்று சொல்லி ஒதுக்குகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. எஃப்டி லென்ஸ்களை ஓரங்கட்டியது 2 மில்லிமீட்டர் இடைவெளி. கண்ணாடியில் அப்போதும் குறை இல்லை. அந்த இடைவெளி தீர்ந்ததும் திரும்பி வந்துவிட்டன.

அது என்ன இடைவெளி? லென்ஸைக் கேமராவோடு சேர்க்கும் உலோக வளையத்துக்கு மவுன்ட் என்று பெயர். அந்த மவுன்ட்டிலிருந்து ஃபிலிம் அல்லது சென்சார் இருக்கும் இடம் வரையிலான தூரத்தை ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஓர் அளவாக நிர்ணயித்துக்கொள்கிறது. கேனன் எஃப்டிக்கு அது 42 மி.மீ.; 1987-இல் இஓஎஸ் கேமராவோடு வந்த ஈஎஃப் மவுன்ட்டுக்கு 44; நிக்கானுக்கு 46.5, பெண்டாக்ஸும் ரஷ்ய ஸெனிட்டும் பயன்படுத்திய எம்42 திருகு மவுன்ட்டுக்கு 45.46. லென்ஸின் தூரம் கேமராவின் தூரத்தைவிட அதிகமாக இருந்தால், மிச்சத்தை ஒரு வளையத்தால் நிரப்பிவிடலாம். குறைவாக இருந்தால் கேமராவின் உடம்பைக் குடைந்தால்தான் உண்டு. 50 மி.மீ. லென்ஸ் ஒன்றை, அது இருக்க வேண்டிய இடத்திலிருந்து வெறும் 2 மி.மீ. முன்னே தள்ளிப் பாருங்கள். ஏறக்குறைய 1.3 மீட்டருக்கு அப்பால் எதையும் அதனால் தெளிவாகக் காட்ட முடியாது. எதிரே அமர்ந்து சாப்பிடுகிறவரை எடுக்கலாம். ஜன்னலுக்கு வெளியே போகிற பேருந்தை எடுக்க முடியாது. கேனன் செய்ததிலும் நியாயம் இருந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஆட்டோஃபோகஸ் மோட்டாரை லென்ஸுக்குள்ளேயே வைக்கவும், நெம்புகோல்களை விட்டுவிட்டு மின்தொடர்பிலேயே எல்லாவற்றையும் நடத்தவும் அகலமான புது வாய் தேவைப்பட்டது. ஆனால் அந்த நியாயத்துக்கு விலை கொடுத்தவர்கள் எஃப்டி லென்ஸ்களைக் காசு போட்டு வாங்கி வைத்திருந்தவர்கள்.

எஸ்எல்ஆர் கேமராவில் இவ்வளவு தூரம் விட்டதே உள்ளே ஒரு கண்ணாடி (மிரர்) மேலும் கீழும் ஆடுவதற்காகத்தான். 2008-இல் பானசோனிக் ஜி1 வந்தபோது அந்தக் கண்ணாடி போய்விட்டது. அதோடு அதற்கான இடமும் தேவையற்றுப் போனது. சோனி இ மவுன்ட்டின் தூரம் 18 மி.மீ., நிக்கான் இஸட் 16, கேனன் ஆர்எஃப் 20. எஃப்டியின் 42-இலிருந்து 18-ஐக் கழித்தால் வரும் 24 மி.மீ.தான் சோனிக்கான அடாப்டரின் நீளம். உள்ளே லென்ஸ் கிடையாது, மின்சாரம் கிடையாது; இரு முனையிலும் வெவ்வேறு வாய் வைத்த ஓர் அலுமினியக் குழாய், அவ்வளவுதான். எஃப்டி அடாப்டரில் மட்டும் கூடுதலாக ஒரு வளையம் இருக்கும். லென்ஸின் பின்பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு நெம்புகோலை அது தள்ளிப் பிடித்துக்கொள்ளும். அந்த வளையத்தைத் திருப்ப மறந்தால், ஒளி நுழையும் துளையான அபர்ச்சரை எந்த எண்ணில் வைத்தாலும் உள்ளிருக்கும் இதழ்கள் அசையாமல் முழுதாகத் திறந்தபடியே கிடக்கும். புதிதாக வாங்கியவர்கள் லென்ஸ் பழுது என்று திருப்பித் தரப் போவது பெரும்பாலும் இதனால்தான்.

இடம் கிடைத்தது பாதிக் கதை. மீதிப் பாதி வியூஃபைண்டரில் இருக்கிறது, அதைப் பற்றிப் போதுமான அளவு யாரும் பேசுவதில்லை. மேனுவல் ஃபோகஸ் கடினமானது என்ற எண்ணம் டிஜிட்டல் எஸ்எல்ஆர் காலத்தில் வேரூன்றியது. அதற்குக் காரணமும் உண்டு. ஃபிலிம் கேமராவின் வியூஃபைண்டர் நடுவில் இரண்டாகப் பிளந்த ஒரு வட்டம் இருக்கும். இரண்டு பாதியும் ஒட்டினால் ஃபோகஸ் சரி. ஆட்டோஃபோகஸ் வந்ததும் அந்த வட்டத்தை எடுத்துவிட்டு, வெளிச்சம் அதிகம் காட்டும் திரையைப் போட்டார்கள். அந்தத் திரை எஃப் 1.4 லென்ஸை மாட்டினாலும் ஏறக்குறைய எஃப் 2.8-க்கு உரிய தெளிவு ஆழத்தைத்தான் காட்டும். கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்த முகம் படத்தில் மங்கியிருக்கும். பழி படம் எடுத்தவர் மேல் விழும். உண்மையில் தப்பு திரையில் இருந்தது. மிரர்லெஸ் கேமராவின் எலெக்ட்ரானிக் வியூஃபைண்டரோ சென்சார் பார்ப்பதை அப்படியே காட்டுகிறது. ஒரு பொத்தானை அழுத்தினால் கண்ணிமை மட்டும் 5 மடங்கு, 10 மடங்கு பெரிதாகித் திரை முழுக்க நிற்கும். வளையத்தை மெல்லத் திருப்பும்போது இமைமுடி ஒவ்வொன்றாகப் பிரிந்து தெரியும் கணத்தில் நிறுத்திக்கொள்ளலாம். அபர்ச்சர் இதழ்களை எஃப் 8-க்கு மூடியபடியே பார்த்தால் பழைய கேமராவில் வியூஃபைண்டர் இருண்டுவிடும். இங்கே கேமராவே வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டிவிடுகிறது. லென்ஸ் பிறந்த காலத்தில் அதற்கு வாய்த்த கேமராக்களைவிட இன்றைய கேமராவில்தான் அதைத் துல்லியமாக ஃபோகஸ் செய்ய முடிகிறது. நிற விளிம்பு போட்டுக் காட்டும் பீக்கிங் வசதியை மட்டும் முழுதாக நம்பக் கூடாது. அது தேடுவது வெளிச்சமும் நிழலும் அழுத்தமாகப் பிரியும் இடத்தை. காதோரத்தில் அப்படி ஒரு கோடு இருந்தால், கண் மங்கியிருக்கும்போதே எல்லாம் சரி என்று பளிச்சிடும்.

லென்ஸ் கண்ணாடியின் தரம் என்ன என்பது நியாயமான கேள்வி. பூச்சு இல்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் தன் மேல் விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். எஃப்டி 50 மி.மீ. எஃப் 1.4 லென்ஸில் 7 வில்லைகள் 6 தொகுதிகளாக இருக்கின்றன. காற்றைத் தொடும் பரப்புகள் 12. பூச்சு இல்லையென்றால் ஒளியில் ஏறக்குறைய 40 சதவீதம் வழியிலேயே வீணாகும். அதில் ஒரு பகுதி உள்ளுக்குள் அலைந்து படத்தின் கருமையை வெளிறச் செய்யும். இந்தச் சிக்கலுக்கு ஜெய்ஸ் நிறுவனத்தின் அலெக்சாண்டர் ஸ்மகுலா 1935-இலேயே பூச்சு முறை கண்டுபிடித்தார். 1970-களில் பல அடுக்குப் பூச்சு பரவலாகிவிட்டது. ஆகவே அந்தக் காலத்து நல்ல 50 மி.மீ. லென்ஸ் கைப்பக்குவத்தில் செய்த பண்டம் அல்ல. முதிர்ந்த தொழில்நுட்பத்தில் பிறந்தது. எஃப் 5.6, எஃப் 8-இல் அதை இன்றைய லென்ஸிலிருந்து பிரித்துச் சொல்வது எளிதல்ல. முழுதாகத் திறந்தால் வேறுபாடு தெரியும்: ஓரங்கள் இளகும், வெயிலில் மின்னும் விளிம்புகளில் ஊதா படியும், சூரியன் எதிரே இருந்தால் படம் முழுக்க வெளுக்கும். மிக அகல லென்ஸ்களில் புதியவை வெகுதூரம் முன்னேறிவிட்டன. அங்கே பழையதைத் தேடிப்போவதில் பொருளில்லை.

சரி, இந்தக் குறைகளையே ‘கேரக்டர்’ என்று பெயர் வைத்து விற்கிறார்களே? அந்த வியாபாரம் எனக்கும் பிடிக்கவில்லை. ஆனாலும் குறையின் காரணம் தெரிந்தால் அதைக் கருவியாக்கலாம். மாஸ்கோவுக்கு அருகே கிராஸ்னகோர்ஸ்க் தொழிற்சாலையில் தொடங்கிப் பெருமளவில் தயாரிக்கப்பட்ட ஹீலியோஸ் 44, ஜெர்மனியின் பயோட்டார் 58 மி.மீ. எஃப் 2 லென்ஸின் வடிவமைப்பைப் பின்பற்றியது. பின்னணியைச் சுழலவைக்கும் லென்ஸ் என்று அதற்குப் பெயர். தென்னை ஓலை இடுக்கில் வழியும் வெளிச்சப் புள்ளிகளை அதில் பாருங்கள்: நடுவில் வட்டமாக இருப்பவை ஓரத்துக்குப் போகப் போகப் பாதாம் பருப்பாக ஒடுங்கி, நடுவைச் சுற்றி வரிசை கட்டும். சாய்ந்து வரும் ஒளியை லென்ஸின் குழலே இருபுறமும் வெட்டிவிடுவது முக்கியக் காரணம். ஓரத்தில் திருத்தப்படாத பிழைகள் அதற்குத் துணை. மந்திரம் எதுவும் இல்லை. அதனால்தான் சிறிய சென்சார் உள்ள கேமராவில் அதே லென்ஸை மாட்டினால் ஓரம் வெட்டுப்பட்டுச் சுழற்சியும் பெரும்பாலும் காணாமல் போகிறது. கேரக்டரை நம்பிக் காசு கொடுக்கும் முன் தன் கேமராவின் சென்சார் அளவைப் பார்த்துக்கொள்வது நல்லது.

மலிவு என்ற வாதமும் முன்புபோல் வலுவாக இல்லை. பழைய லென்ஸ்களின் விலை ஏறிவிட்டது. சீன நிறுவனங்கள் புத்தம்புது மேனுவல் லென்ஸ்களைக் குறைந்த விலைக்குத் தருகின்றன. பணம் ஒன்றே கணக்கு என்றால் அதையோ, ஆட்டோஃபோகஸ் உள்ள ஒரு சாதாரண 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸையோ வாங்குவதே புத்திசாலித்தனம். ஓடும் குழந்தை, கபடி, மேடையில் திரும்பித் திரும்பிப் பேசுகிறவர், மூன்று முடிச்சு விழும் கணம் ஆகியவற்றுக்கும் மேனுவல் லென்ஸ் வேண்டாம். கண்ணைத் தொடர்ந்து பிடிக்கும் இன்றைய ஆட்டோஃபோகஸோடு விரல் போட்டி போட முடியாது. நிற்பதை எடுப்பவருக்குத்தான் இது. கோயில் தூண், கடை முகப்பு, பூ, உட்கார்ந்திருக்கும் பாட்டி. அங்கே கிடைக்கும் லாபம் வேறு மாதிரியானது. இன்றைய லென்ஸ்கள் பலவற்றில் ஃபோகஸ் வளையம் ஒரு மின் சமிக்ஞை மட்டுமே. மோட்டார் நின்றாலோ, உதிரிபாகம் தருவதை நிறுவனம் நிறுத்திவிட்டாலோ அது வெறும் கண்ணாடிக் குப்பி. எஃப்டி லென்ஸை உருவாக்கிய நிறுவனம் அதைக் கைவிட்டுப் பல ஆண்டுகள் ஆன பிறகும் அதன் வளையம் திரும்புகிறது. காரணம், அது யாருடைய அனுமதியையும் கேட்டு இயங்குவதில்லை.

அதற்காக வாங்கியதெல்லாம் நன்றாக இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. அடாப்டரின் நீளம் பத்தில் ஒரு மில்லிமீட்டர் குறைந்தாலே 50 மி.மீ. லென்ஸில் எழுதியிருக்கும் தூரக் கணக்கு புரண்டுவிடும். 25 மீட்டர் என்று காட்டும் இடத்திலேயே நிலா தெளிவாகிவிடும். நீண்டுபோனால் தூரம் எட்டவே எட்டாது என்பதால், செய்கிறவர்கள் வேண்டுமென்றே சற்றுக் குட்டையாகச் செய்கிறார்கள். லென்ஸோடு பேச கேமராவுக்கு வழி இல்லாததால், கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி சரியாக இயங்க 50 என்ற எண்ணை நாமே மெனுவில் பதிய வேண்டும். லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்கும்படி அனுமதித்து வைக்க வேண்டும். இவையெல்லாம் ஒருமுறை செய்தால் முடியும் வேலைகள்.

கதிர்வீச்சு பற்றிய பயத்தையும் பேச வேண்டும். 1960-களில் வந்த சூப்பர் டாக்குமார் 50 மி.மீ. எஃப் 1.4 போன்ற சில லென்ஸ்களின் கண்ணாடியில் தோரியம் உண்டு. நாளாக நாளாக அந்தக் கண்ணாடி தேநீர் நிறத்துக்குப் பழுக்கும். புற ஊதா ஒளியில் சில நாள் வைத்தால் பெரும்பாலும் தெளியும். தோரியம் நமக்கு அந்நியமும் இல்லை. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இருப்பது, திருவிழாவில் எரிந்த பெட்ரோமாக்ஸ் மேன்டிலில் இருந்தது. லென்ஸை உடைத்துத் தேய்க்காமல், கேமராவில் மாட்டிப் படமெடுப்பதில் கவலைப்பட ஒன்றுமில்லை. நம் ஊரில் நிஜமான எதிரி ஃபங்கஸ். கடலோரப் புழுக்கத்தில், தோல் பைக்குள் வருஷக் கணக்கில் கிடந்த லென்ஸில் அது சிலந்தி வலை போலப் படர்ந்திருக்கும். முற்றினால் பூச்சையே அரித்துவிடும். வாங்கும்போது அபர்ச்சரை முழுக்கத் திறந்து, பின்பக்கத்திலிருந்து செல்போன் டார்ச்சை அடித்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். இதழ்களில் எண்ணெய் மினுங்கினாலும் யோசிக்க வேண்டும். வாங்கிய பிறகு சிலிக்கா ஜெல் போட்ட, காற்றுப் புகாத டப்பா போதும். எஃப்டி லென்ஸ் என்றால் இன்னொன்று: பலவற்றில் அபர்ச்சர் வளையத்தின் கடைசியில் ‘ஏ’ என்று ஓர் எழுத்து இருக்கும். 1976-இல் வந்த ஏஇ-1 போன்ற கேமராக்கள் அபர்ச்சரைத் தாமே தேர்ந்துகொள்ள வைத்த இடம் அது. விற்பவர் பெரும்பாலும் லென்ஸை அங்கேயேதான் பூட்டி வைத்திருப்பார். சிறு பொத்தானை அழுத்திக்கொண்டு வளையத்தை எண்களின் பக்கம் திருப்பிவிட்ட பிறகுதான் அடாப்டரை மாட்ட வேண்டும்.