பிள்ளைக்கு முதல் வண்டி: தேர்ந்தெடுப்பது எப்படி?

விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்பார்கள் பெரியோர். செருப்பு வாங்கும்போது இதனை மறவாத நாம், பிள்ளைக்கு முதல் வண்டி வாங்கும்போது மட்டும் ஏனோ மறந்துவிடுகிறோம். "வளர்கிற பிள்ளைதானே, பெரிதாகவே இருக்கட்டும்" என்று பாவாடைக்கு மடிப்பு வைத்துத் தைப்பது போலச் சைக்கிளையும் பெரிதாக வாங்கிவிடுகிறோம். பாவாடையின் மடிப்பைப் பிறகு பிரித்துக்கொள்ளலாம். பெரிய சைக்கிளிலிருந்து விழுந்த முழங்காலை அப்படிச் சரிசெய்ய இயலாது.

அதிலும் நம் போடிநாயக்கனூர்ப் பிள்ளைகளின் சைக்கிளுக்கு இரண்டு தேர்வுகள் உண்டு. ஊருக்குள்ளும் கிழக்கே தேனி செல்லும் பாதையிலும் பெரும்பாலும் சமதரை. மேற்கே முந்தலைத் தாண்டினாலோ மலை தொடங்கிவிடுகிறது. போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் ஜீப்புகளும், சரக்கு லாரிகளும், கேரளம் செல்லும் பேருந்துகளும் ஓயாது ஓடும் சாலை அது. தோட்டத்துக் குடியிருப்புகளில் வாழும் பிள்ளைகளுக்கு வாசற்படியை விட்டு இறங்கினாலே சரிவுதான். ஆகவே முதல் வண்டியைப் பற்றிச் சற்று விரிவாகச் சிந்திப்பது நம் கடமையாகும்.

சைக்கிள் செய்த மாற்றம்

சைக்கிள் வெறும் விளையாட்டுப் பொருள் அன்று. அதுவும் பெண் பிள்ளைகளுக்கு அது பள்ளியின் வாசலையே திறந்துவிடும் சாவி. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-ஆம் ஆண்டு அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, எழுத்துடன் சைக்கிளும் பெண்களுக்குக் கற்றுத் தரப்பட்டது. அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்குப் பேராதரவு அளித்தார். கல்குவாரித் தொழிலாளர்களும், விவசாயக் கூலிப் பெண்களும், கிராமச் செவிலியரும் கூச்சத்தை விட்டுச் சைக்கிள் ஏறினர். பெண்களுக்கான சைக்கிள் போதாதபோது, குறுக்குக் கம்பியுள்ள ஆண்கள் சைக்கிளையே வாங்கினர். அந்தக் கம்பியில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாமே என்று அதையே விரும்பிக் கேட்டவர்களும் உண்டு! தம் தேவையைத் தாமே அறிந்து வண்டியைத் தேர்ந்தவர்கள் அவர்கள்.

தமிழ்நாடு அரசின் விலையில்லாச் சைக்கிள் திட்டம் 2001-இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்காகத் தொடங்கி, பின்னர் அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளின் 11-ஆம் வகுப்பு மாணவ மாணவியர் அனைவருக்கும் விரிந்தது. பீகாரில் 2006-இல் உயர்நிலைப் பள்ளி மாணவியருக்குச் சைக்கிள் வழங்கும் திட்டம் வந்தது. அதனை ஆராய்ந்த பொருளாதார அறிஞர்கள், உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் அளவு 32 சதவீதம் உயர்ந்ததாகக் கண்டனர். தூரம்தான் பல சிறுமிகளின் படிப்பை நிறுத்தியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? ஆனால் சைக்கிள் கிடைக்கும் நாளில் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே சிறு வயதிலேயே பழகுவது நன்று.

முதலில் அளவு

அக்காலத்தில் சிறுவர்கள் தந்தையின் பெரிய சைக்கிளில், கம்பிக்கு இடையே காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டுப் பழகினார்கள். அவ்வாறு பழகியவர்கள் பலர் உண்டு. பல்லை உடைத்துக்கொண்டவர்களும் உண்டு. இன்று அந்தத் துன்பம் வேண்டியதில்லை.

சைக்கிளின் அளவு சக்கரத்தின் விட்டத்தைக் கொண்டு சொல்லப்படுகிறது. பொதுவாக 3 முதல் 5 வயது வரை 12 அல்லது 14 அங்குலம், 5 முதல் 7 வரை 16 அங்குலம், 7 முதல் 9 வரை 20 அங்குலம், 9 முதல் 12 வரை 24 அங்குலம், அதற்கு மேல் 26 அங்குலம் என்பர். ஆயினும் வயதைவிடக் கால் நீளமே முக்கியம். பிள்ளையைச் சுவரோரம் செருப்பின்றி நிற்க வைத்து, கால்களுக்கிடையே ஒரு புத்தகத்தை மேலே ஒட்டினாற்போல் வைத்து, தரையிலிருந்து புத்தகத்தின் மேல் விளிம்பு வரை அளந்துகொள்ளுங்கள். சீட்டைத் தாழ்த்தி வைத்தால் அதன் உயரம் இந்த அளவுக்கு மிகாமல் இருக்க வேண்டும். அப்போதுதான் உட்கார்ந்தபடியே இரு பாதங்களும் முழுமையாகத் தரையில் படியும். ஓட்டப் பழகிய பின், பெடல் கீழே வரும்போது முழங்கால் சற்றே மடங்கியிருக்கும் அளவுக்குச் சீட்டை உயர்த்தலாம்.

அடுத்தது எடை

கடையில் பளபளக்கும் சில சிறுவர் சைக்கிள்கள் முன்னும் பின்னும் ஸ்பிரிங், தடித்த குழாய், அலங்காரப் பெட்டி என்று கனத்துக் கிடக்கும். பிள்ளையின் எடையில் பாதியளவு கனமுள்ள வண்டியும் உண்டு. நம்மை நம் எடையில் பாதியுள்ள சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேட்டில் ஏறச் சொன்னால் எப்படியிருக்கும்? சிறு பிள்ளைக்கு ஸ்பிரிங் தேவையில்லை. விழுந்த வண்டியைப் பிள்ளை தானே தூக்கி நிறுத்தி, திருப்பி, பத்தடி தள்ளிச் செல்ல முடிகிறதா என்று கடையிலேயே பாருங்கள்.

பிரேக்கே உயிர்

மலையடிவாரத்தில் வாழும் நமக்கு இதுவே தலையாய செய்தி. பிள்ளையின் விரல்கள் பிரேக் பிடிக்கு எட்ட வேண்டும். இரண்டு விரலால் அழுத்தினாலே சக்கரம் நிற்க வேண்டும். பிடி தொலைவில் இருந்தால், அதிலுள்ள சிறு திருகைத் திருப்பி அருகே கொண்டுவரக் கடைக்காரரைக் கேளுங்கள்.

அறிவியல் பயிலும் மாணவியர் இதனைக் கவனிக்கலாம். 40 கிலோ எடையுள்ள ஒரு மாணவி, 15 கிலோ சைக்கிளுடன், ஆயிரம் மீட்டர் உயரம் மெதுவாக இறங்கி வருவதாகக் கொள்வோம். அவ்வளவு உயரத்தின் நிலை ஆற்றல் ஏறத்தாழ 5 லட்சத்து 40 ஆயிரம் ஜூல். அதில் பெரும்பகுதி பிரேக் கட்டையிலும் ரிம்மிலும் வெப்பமாக வெளிப்பட வேண்டும். ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் வெப்பம் அது! இரு சிறு ரப்பர்க் கட்டைகள் எப்படித் தாங்கும்? மேலும், வேகம் இரு மடங்கானால் நிற்பதற்கு வேண்டிய தூரம் நான்கு மடங்காகிறது. மழையில் ரிம் நனைந்தால் அத்தூரம் இன்னும் கூடும். ஆகவே மலைச்சாலையில் பிள்ளைகள் சைக்கிளில் இறங்குவது கூடவே கூடாது. தோட்டத்துச் சரிவானாலும் இறங்கித் தள்ளிச் செல்வதே அறிவுடைமை.

பிரேக் பிடிக்கும் முறையும் ஒன்று உண்டு. சரிவில் முன் பிரேக்கை மட்டும் திடீரென இறுக்கினால், உடல் முன்னே சாய்ந்து தலைகுப்புற விழ நேரிடும். பின் பிரேக்கை மெல்லத் தொடங்கி, இரண்டையும் சேர்த்துச் சீராக அழுத்தப் பழக்குங்கள்.

பிற உறுப்புகள்

சமதரையில் ஓட்டும் பிள்ளைக்குக் கியர் வேண்டியதில்லை. முன் பல்சக்கரத்தில் 36 பற்களும் பின்னே 18 பற்களும் இருந்தால், பெடல் ஒருமுறை சுற்றும்போது பின்சக்கரம் இருமுறை சுற்றும். மேட்டில் இது கடினம். பின்னே பற்கள் மிகுந்தால் ஏறுவது எளிது, ஆனால் மெதுவாகச் செல்லும். கியரின் தத்துவம் இவ்வளவே. பத்து வயதுக்கு மேல் மேடேற வேண்டியவர்கள் கியர் சைக்கிளை நாடலாம். மண் பாதைக்குப் புடைப்புள்ள அகன்ற டயர் நன்று. தார்ச் சாலைக்குச் சாதாரண டயரே போதும்.

மாணவியருக்குச் செயின் முழுவதையும் மறைக்கும் மூடி மிக அவசியம். பாவாடையும் தாவணியும் துப்பட்டாவும் செயினிலோ கம்பியிலோ சிக்கினால் நொடியில் ஆபத்து. துப்பட்டாவைப் பின்னே முடிந்து, பின் குத்திக்கொண்ட பிறகே வண்டியேறுங்கள். ஹெல்மெட் புருவத்துக்கு இரண்டு விரல் மேலே அமர வேண்டும். தாடைப் பட்டைக்குள் இரண்டு விரலுக்கு மேல் நுழையக் கூடாது.

பழகும் முறை

இரு பக்கமும் சிறு சக்கரம் மாட்டிப் பழக்குவது வழக்கம். ஆனால் சைக்கிள் சாயும் பக்கமே ஹேண்டில்பாரைச் சற்றுத் திருப்புவதால்தான் விழாமல் நிற்கிறது. பக்கச் சக்கரம் சாயவே விடாது; ஆகவே அந்தக் கலையைப் பிள்ளை கற்பதில்லை. அதற்குப் பதில் பெடல்களைக் கழற்றிவிட்டு, சீட்டைத் தாழ்த்தி, காலால் உந்தி ஓட விடுங்கள். சமநிலை கைவந்ததும் பெடலை மாட்டினால் போதும்.

மோட்டார் வண்டி கேட்டால்?

கரடுமுரடான மண்ணில் ஓடும் சிறுவர் மோட்டார் சைக்கிளைப் படத்தில் கண்டு, அதுதான் வேண்டும் என்று அடம் பிடிக்கும் பிள்ளைகளும் இன்று உண்டு. அப்படிப்பட்ட வண்டிகள் உள்ளன. 1981 முதல் வரும் யமஹா பிடபிள்யூ 50 அதற்கு ஓர் எடுத்துக்காட்டு. அதன் சீட்டு அரை மீட்டருக்கும் குறைந்த உயரம். கியர் மாற்ற வேண்டியதில்லை. ஒரு திருகைக் கொண்டு பெற்றோர் வேகத்தைக் கட்டுப்படுத்தலாம். தரையில் பாதம் படுதல், தூக்கத்தக்க எடை, கைக்கு எட்டும் பிரேக் என்று நாம் கண்ட விதிகளே இங்கும் பொருந்தும். சைக்கிளில் சமநிலையும் பிரேக்கும் கைவராத பிள்ளைக்கு இதனைத் தருதல் ஆகாது. தந்தாலும் ஹெல்மெட், பூட்ஸ், முழங்கால் காப்புடன், பயிற்சியாளர் இருக்கும் மூடிய திடலில் மட்டுமே ஓட்ட வேண்டும்.

சாலையில் அவற்றுக்கு இடமில்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி 16 வயதுக்குக் கீழ் எந்த மோட்டார் வண்டியையும் பொது இடத்தில் ஓட்டக் கூடாது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, சிறார் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கு அல்லது வண்டியின் உரிமையாளருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. ஓட்டிய பிள்ளைக்கு 25 வயது வரை உரிமமும் கிடைக்காது. காட்டுப் பாதையும் வேண்டாம். கோடையில் காய்ந்த புல்லில் சூடான சைலன்சர் பட்டாலே நெருப்புப் பற்றலாம். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் பரவிய தீ எத்தனை உயிர்களைப் பறித்தது என்பதை நம் ஊர் மறக்குமா?

பெண்களுக்கு இத்துறை ஏற்றதன்று என்று கூறுவதாக யாரும் எண்ண வேண்டாம். பெங்களூரைச் சேர்ந்த ஐஸ்வர்யா பிஸ்ஸே 2019-இல் மணலிலும் கல்லிலும் ஓடும் பாஹா பந்தயங்களின் உலகக் கோப்பையை மகளிர் பிரிவில் வென்றார். முறையான பயிற்சியும் உரிய வயதும் வாய்த்தால் நம் மாணவியரும் சாதிக்கலாம்.

வாங்கியபின்

வண்டி வீட்டுக்கு வந்ததும் பெற்றோரின் வேலை முடிந்தது; பிள்ளையின் வேலை தொடங்குகிறது. வாரம் ஒருமுறை டயரில் காற்று, பிரேக் கட்டையின் தேய்மானம், செயினுக்கு எண்ணெய், மணி, விளக்கு இவ்வைந்தையும் தானே சோதிக்க வேண்டும். கால்கள் நீண்டு வண்டி சிறிதானதும், அதனைப் பரணில் போட்டுத் துருப்பிடிக்க விடாமல், தங்கைக்கோ அடுத்த வீட்டுச் சிறுமிக்கோ கொடுத்துவிடுங்கள். அவளும் பள்ளிக்கு நேரத்தோடு வந்து சேரட்டும்.