டெல்லி உடன்படிக்கையும் இடிந்தகரைப் பந்தலும்

பிறருடைய முடிவுகளைத் தனக்கு இசைவாகத் திருப்பும் ஆற்றலே அரசியல் செல்வாக்கு. அரசுகளின் பேச்சுவார்த்தையில் பிறக்கும் செல்வாக்கு ஊர் மக்களின் எண்ணத்தோடு மோதும்போது என்ன நிகழும் என்பதற்கு, திருநெல்வேலி மாவட்டத்தின் கடற்கரையில் எழுந்த கூடங்குளம் அணுமின் நிலையம் தக்க சான்றாகும்.

பிரதமர் ராஜீவ் காந்தியும் சோவியத் தலைவர் கோர்பச்சேவும் 1988 நவம்பர் 20 அன்று செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, தலா 1,000 மெகாவாட் திறனுள்ள இரண்டு அணு உலைகள் இங்கே அமையவிருந்தன. 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்து திட்டம் முடங்கிக் கிடந்தபோது, அணுப்பொருள் வழங்கும் நாடுகளின் குழு, தன் அணு நிலையங்கள் அனைத்தையும் பன்னாட்டுக் கண்காணிப்புக்கு உட்படுத்தாத நாட்டுக்கு உலை விற்கலாகாது என்று 1992இல் விதி வகுத்தது. உடன்பாடு அந்த விதிக்கு முந்தையது என்று வாதிட்ட ரஷ்யா, இந்தியாவின் பொக்ரான் அணுகுண்டுச் சோதனைக்கு மறுமாதமே, 1998 ஜூனில், அமெரிக்காவின் எதிர்ப்பையும் மீறி அதைப் புதுப்பித்தது.

இந்தப் பேச்சுகளில் கடலோர மக்களுக்கு இடமே இருக்கவில்லை. திட்டம் வருமிடத்து மக்களின் கருத்தை அதிகாரிகள் நேரில் கேட்டுப் பதிவு செய்வதே கருத்துக்கேட்புக் கூட்டம். முதல் இரு உலைகளும் 1989இலேயே சுற்றுச்சூழல் ஒப்புதல் பெற்றுவிட்டன. அக்கூட்டத்தைக் கட்டாயமாக்கிய விதியோ பின்னர் வந்தது.

கேட்கப்படாத கருத்து, 2011 மார்ச்சில் ஜப்பானின் ஃபுகுஷிமா அணு உலைக் கட்டடங்கள் வெடித்தபின் தானே திரண்டது. இடிந்தகரை லூர்து அன்னை ஆலயத்தின் முன் போடப்பட்ட பந்தலில், மீனவப் பெண்களும், மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றியபடியே பெண் தொழிலாளர்களும் நாள்தோறும் அமர்ந்தனர். மக்களின் அச்சம் நீங்கும்வரை பணிகளை நிறுத்துமாறு மாநில அமைச்சரவை 2011 செப்டம்பரில் தீர்மானித்ததும், மத்திய அரசின் 15 பேர் கொண்ட வல்லுநர் குழு நெல்லை ஆட்சியர் அலுவலகத்துக்கு வந்து போராட்டக்காரர்களின் பிரதிநிதிகளைச் சந்தித்ததும் அந்தப் பந்தலின் செல்வாக்கே.

எதிர்ச்செல்வாக்கும் விரைந்து எழுந்தது. போராட்டத்தின் பின்னணியில் அமெரிக்கத் தொண்டு நிறுவனங்கள் இருப்பதாகப் பிரதமர் மன்மோகன் சிங் 2012 பிப்ரவரியில் கூறினார். நீண்ட மின்வெட்டோ மற்ற மாவட்டங்களின் கருத்தை நிலையத்தின் பக்கம் சாய்த்தது. சங்கரன்கோவில் இடைத்தேர்தல் வாக்குப்பதிவு முடிந்த மறுநாள், 2012 மார்ச் 19 அன்று, மாநில அமைச்சரவை 500 கோடி ரூபாய் வளர்ச்சித் திட்டத்துடன் நிலையத்துக்கு இசைவளித்தது. போராட்டக்காரர்கள் மீது தேசத்துரோக வழக்குகள் குவிந்தன. 2013 மே 6 அன்று உச்ச நீதிமன்றமும், 15 பாதுகாப்பு நெறிமுறைகளுடன், அனுமதி தந்தது.

உலைகள் இயங்கத் தொடங்கியதால் மக்களின் கேள்விகள் செல்லாதவை ஆகிவிடவில்லை. நிலையத்தின் பாதுகாப்பு ஆய்வறிக்கையை வெளியிடுமாறு 2012இல் மத்திய தகவல் ஆணையமே உத்தரவிட நேர்ந்தது என்பது, அரசுகள் எதை மறைத்து வைத்திருந்தன என்பதைச் சொல்லும். நாடுகளுக்கிடையிலான உடன்பாட்டை அரசுகள் தங்கள் செல்வாக்கால் நிறைவேற்றிவிடலாம்; அதற்கு மக்களின் ஒப்புதலைப் பெற, அவர்கள் மொழியில் ஆவணங்களைத் தந்து, கையெழுத்துக்கு முன்பே கருத்தைக் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை.