வீல் அலைன்மென்ட்: மூன்று கோணங்களின் கணக்கு

காரின் நான்கு சக்கரங்களும் சாலையோடும் ஒன்றோடொன்றும் உரிய கோணத்தில் நிற்கும்படி செய்வதே வீல் அலைன்மென்ட். இதில் திருத்தப்படுவது டயர் அல்ல. சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன், ஸ்டீயரிங் பாகங்களின் நிலை.

முக்கியக் கோணங்கள் மூன்று. மேலிருந்து பார்க்கும்போது இரு சக்கரங்களின் முன்பக்கமும் உள்நோக்கித் திரும்பியிருந்தால் டோ-இன், வெளிநோக்கியிருந்தால் டோ-அவுட். முன்னாலிருந்து பார்க்கையில் சக்கரத்தின் மேற்பகுதி உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருப்பது கேம்பர். பக்கவாட்டில் பார்க்கையில், சக்கரம் திரும்பும் அச்சு செங்குத்திலிருந்து சாய்ந்திருக்கும் அளவு கேஸ்டர். சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்ந்திருப்பதும் இதே வகைதான். வளைவில் திருப்பிய ஸ்டீயரிங் தானே நேருக்கு வர இந்தச் சாய்வு பெரிதும் உதவுகிறது.

டயரை விரைவில் தின்பது டோ பிழை. ஒரு சக்கரம் தன் நேர்ப்பாதையிலிருந்து 0.1 டிகிரி விலகியிருந்தாலே, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறக்குறைய 1.75 மீட்டர் பக்கவாட்டில் இழுபட்டதற்குச் சமமான உராய்வு டயருக்கு ஏற்படும். இப்படித் தேய்ந்த டயரின் மேல் கையால் தடவினால் ஒரு திசையில் வழவழப்பும் எதிர்த்திசையில் கூர்மையும் தட்டுப்படும். கேம்பர் மிகுந்தால் டயரின் ஒரு ஓரம் மட்டும் தேயும். இடது, வலது கேம்பர் வேறுபட்டால் கார் ஒரு பக்கமாக இழுக்கும்.

அளவெடுக்கும் முன் நான்கு டயர்களின் காற்றழுத்தமும் சரிசெய்யப்படுகிறது. டை ராடு எண்ட், பால் ஜாயிண்ட், புஷ், பேரிங் ஆகியவற்றில் ஆட்டம் இருக்கிறதா என்றும் பார்க்கப்படுகிறது. ஆட்டம் இருந்தால் அந்தப் பாகத்தை முதலில் மாற்ற வேண்டும். இல்லையேல் வைத்த அளவு நிற்காது. பிறகு ரிம்களில் கிளாம்ப் பொருத்தி, கேமரா அல்லது சென்சார் மூலம் கோணங்கள் அளக்கப்படுகின்றன. கேஸ்டரை அளக்க, சுழலும் தட்டுகளின் மேல் நிற்கும் முன்சக்கரங்களை இருபுறமும் திருப்புவார்கள்.

திருத்துவதற்கு ஒரு வரிசை உண்டு. பின்சக்கரங்களே காரின் போக்குத் திசையைத் தீர்மானிப்பதால், அங்கே திருத்த வழியிருந்தால் அதுவே முதல் வேலை. அடுத்து முன்பக்கக் கேஸ்டரும் கேம்பரும். இவற்றை மாற்றினால் டோவும் மாறிவிடும் என்பதால் டோ கடைசியில் வருகிறது. ஸ்டீயரிங்கை நேராக நிறுத்திப் பூட்டி, லாக் நட்டைத் தளர்த்தி, இருபுற டை ராடுகளையும் திருகி, தயாரிப்பாளர் தந்த அளவுக்குள் டோ வந்ததும் நட் மீண்டும் இறுக்கப்படுகிறது. பல சிறிய கார்களில் டோ மட்டுமே எளிதில் திருத்தக்கூடியது. டார்ஷன் பீம் கொண்ட பின் அச்சில் பெரும்பாலும் எதையும் திருத்த முடியாது. அங்கே அளவு தவறியிருந்தால் வளைந்த பாகத்தைத் தேட வேண்டும்.

பெரிய பள்ளத்திலோ நடைபாதை விளிம்பிலோ மோதிய பின்பும், ஸ்டீயரிங் அல்லது சஸ்பென்ஷன் பாகங்களை மாற்றிய பின்பும் அலைன்மென்ட்டைச் சோதிப்பது அவசியம். குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ஸ்டீயரிங் அதிர்ந்தால் அது பெரும்பாலும் வீல் பேலன்சிங் குறை; அலைன்மென்ட்டால் தீராது.