முன்னோரைத் தேடும் வழி

பாட்டனாரின் பெயர் நம்மில் பெரும்பாலோருக்குத் தெரியும். பாட்டனாருடைய தந்தையாரின் பெயரைக் கேட்டால், சிலர் சற்று யோசித்துச் சொல்வார்கள். அவருக்கும் முந்தியவர் யார், எந்த ஊரிலிருந்து வந்தார், என்ன தொழில் செய்தார் என்று கேட்டால் மௌனமே விடையாகும். நீத்தார் கடன் செய்யும் பல குடும்பங்களில் தந்தை, பாட்டனார், முப்பாட்டனார் என்னும் மூவரின் பெயரைச் சொல்லி நீர் வார்ப்பது வழக்கம். புதியவர் ஒருவர் அந்த வரிசையில் சேரும்பொழுது மிகப் பழையவர் அதிலிருந்து விலகிப்போகிறார். குடும்பத்தின் நினைவும் பெரும்பாலும் அந்த எல்லையோடு நின்றுவிடுகிறது.

அந்த எல்லையைக் கடந்து செல்ல விரும்புவோர் முதலில் அரசாங்கப் பதிவுகளை நாடுவது இயற்கை. ஆனால் அங்கே ஓர் ஏமாற்றம் காத்திருக்கிறது. இந்தியாவில் 1872-ஆம் ஆண்டு தொடங்கி மக்கட்கணக்கு எடுக்கப்பட்டுவந்த போதிலும், வீடு வீடாக எழுதிய சீட்டுகள் தொகை கண்டபின் பாதுகாக்கப்படவில்லை. அன்றியும், தனி மனிதர் கணக்கெடுப்பின்பொழுது கொடுத்த விவரங்களைப் பிறர் பார்வையிட 1948-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. பிறப்பு இறப்புப் பதிவைப் பொறுத்தமட்டில், சில மாகாணங்களில் முன்னரே சட்டங்கள் இருந்தும், நாடு முழுவதற்கும் பொதுவான கட்டாயச் சட்டம் 1969-ஆம் ஆண்டில்தான் இயற்றப்பட்டது.

இதைக் கண்டு, நம் நாட்டில் குடும்ப வரலாறு எழுத ஆதாரமே இல்லை என்று முடிவு கட்டுவது தவறு. ஆதாரங்கள் உண்டு. அவை வேறு இடங்களில், வேறு கைகளால், வேறு காரியங்களுக்காக எழுதப்பட்டவை. ஆகவே எந்த ஏட்டை விரித்தாலும் நாம் கேட்க வேண்டிய முதற் கேள்வி, இதை எழுதியவர் யார், எதற்காக எழுதினார் என்பதே. எழுதியவரின் காரியத்துக்கு வேண்டியவர்கள் ஏட்டில் இருப்பார்கள். வேண்டாதவர்கள் வாழ்ந்த சுவடே அதில் இராது. நான்கு வகை ஏடுகளை எடுத்துக்கொண்டு இதனை விளக்குவோம்.

முதலாவது, ஹரித்துவாரத்துப் பண்டாக்களின் ஏடு. கங்கைக்கு அஸ்தி கரைக்க வருவோருக்குச் சடங்கு செய்துவைக்கும் இப்புரோகிதர்கள் 'பஹி' எனப்படும் நீண்ட கணக்கேடுகளை வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பண்டாவின் குடும்பத்துக்கும் இன்ன பிரதேசம், இன்ன சாதி என்று பரம்பரை உரிமை உண்டு. வருகிறவர் தம் பூர்விகக் கிராமத்தையும் சாதியையும் சொன்னால், உரிய பண்டாவிடம் வழிகாட்டப் பெறுவார். அந்தப் பண்டா ஏட்டைப் புரட்டி, அவர் குடும்பத்திலிருந்து முன்பு வந்தவர் யார், எப்பொழுது வந்தார், உடன் வந்தவர் எவர் என்பதைப் படித்துக் காட்டுவார். பிறகு, இடைக்காலத்தில் நேர்ந்த பிறப்பு, திருமணம், மரணம் ஆகியவற்றைக் கேட்டு எழுதிக்கொண்டு வந்தவரின் கையொப்பமும் பெறுவார். பாட்டனாரின் கையெழுத்தை அங்கே முதன்முதலாகக் கண்டு கண் கலங்கியவர்கள் உண்டு. 1947-ஆம் ஆண்டுப் பிரிவினையில் மேற்குப் பஞ்சாபை விட்டு வெறுங்கையோடு வந்த குடும்பங்கள் பல. அவர்களுடைய கிராமம் இன்று எல்லைக்கு அப்பால் இருக்கிறது. ஆனால் அந்தக் கிராமத்தின் பெயரால் எழுதிய பக்கம் கங்கைக் கரையில் இருக்கிறது.

இந்த ஏடு யாத்திரிகருக்கும் புரோகிதருக்கும் உள்ள உறவைக் காப்பதற்காக எழுதப்பட்டது. ஆதலால், இன்னார் இந்த ஆண்டில் வந்தார் என்று அது கூறுவதைப் பெரிதும் நம்பலாம். ஆனால் வழிச்செலவுக்குப் பொருளின்றி ஹரித்துவாரத்துக்கே வராத ஏழைக் குடும்பங்களை அதில் தேடிப் பயனில்லை.

இரண்டாவது, பஞ்சாபின் நிலவரி ஏடு. 1849-இல் பஞ்சாப் ஆங்கிலேயர் ஆட்சிக்கு உட்பட்டபின் அங்கே நிலவரித் திட்டம் செய்த அதிகாரிகள், நிலம் யாருடையது என்பதைத் தீர்மானிக்கக் கிராமந்தோறும் நில உடைமையாளரின் வம்சப் பட்டியலைத் தயாரித்தார்கள். இதற்கு 'ஷஜ்ரா நஸப்' என்று பெயர். 'குர்சிநாமா' என்றும் சொல்வார்கள். கிராமக் கணக்கரான பட்வாரியின் ஆவணங்களில் இது அடங்கும். கிராமத்தில் முதலில் குடியேறியவராகக் கருதப்படுபவரிடமிருந்து கிளை கிளையாகப் பிரிந்து வரும் இந்தப் பட்டியலைக் கண்டால், குடும்பத்தின் வரலாறு முழுவதும் கைக்கு வந்துவிட்டதாகவே தோன்றும்.

ஆயினும் இது நிலத்தின் வரலாறேயன்றிக் குடும்பத்தின் வரலாறு அன்று. நிலம் மகனுக்கு என்பது அக்கால வழக்கமாதலால், பட்டியலில் மகன்கள் மட்டுமே காணப்படுவார்கள். ஆண் சந்ததி இல்லாதவருடைய கிளை அவர் பெயரோடு முடிந்துவிடும்; அவருக்கு நான்கு பெண்கள் இருந்திருந்தாலும் ஏடு அதைச் சொல்லாது. அந்த நிலத்தை உழுத கூலியாளருக்கும் அதில் இடமில்லை. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டமும் அதற்கு 2005-இல் செய்யப்பட்ட திருத்தமும் மகளுக்குச் சொத்தில் உரிமை அளித்தன. அந்த உரிமையின் மற்றொரு பயனாக மகளின் பெயரும் இனி நில ஏட்டில் ஏறும்.

மூன்றாவது, மிதிலையின் 'பஞ்ஜி'. பீகாரின் வடபகுதியான மிதிலையில் மைதில அந்தணர்களின் வம்ச விவரங்களைப் பஞ்ஜிகாரர் என்போர் பரம்பரையாகக் காத்துவந்திருக்கிறார்கள். 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கர்ணாட வம்சத்து அரசர் ஹரிசிம்ம தேவர் காலத்தில் இம்முறை ஒழுங்குபடுத்தப்பட்டது என்பது மரபு. இதன் நோக்கம் திருமணம். நெருங்கிய இரத்த உறவுடையோர் மணந்துகொள்ளலாகாது என்பது விதி. உறவு நெருக்கமானதா என்பதைப் பஞ்ஜிகாரர் தம் பனையோலை ஏடுகளைப் பார்த்துச் சொல்லவேண்டும். மதுபனிக்கு அருகிலுள்ள சௌராட் என்னும் ஊரில் மாந்தோப்பில் கூடும் திருமணச் சபை இதற்குப் புகழ்பெற்றது. தாய்வழி உறவையும் ஆராயவேண்டியிருந்தமையால், நில ஏட்டைவிட இந்த ஏட்டுக்குப் பார்வை அகலம். எனினும் பெண் இங்கும் பெரும்பாலும் இன்னாருடைய மகள், இன்னாருடைய மனைவி என்ற அளவிலேயே அறியப்படுகிறாள்.

நிலமில்லாதவர், யாத்திரை செல்ல வழியில்லாதவர், வம்ச ஏடு எழுதப்படாத குலத்தில் பிறந்தவர் ஆகியோரின் பெயர்கள் ஒருபொழுதும் எழுதப்படவே இல்லையா? எழுதப்பட்டன. அவர்களுள் பல இலட்சம் பேருடைய பெயர்களைத் தாங்கி நிற்பது நான்காவது வகை ஏடு. அதை எழுதியவர்கள் அவர்களைக் கூலிகள் என்று அழைத்தார்கள்.

1834-இல் பிரிட்டிஷ் குடியேற்ற நாடுகளில் அடிமை முறை ஒழிக்கப்பட்டதும், கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. அதே ஆண்டு நவம்பர் 2-ஆம் நாள் 'அட்லஸ்' என்னும் கப்பல் இந்தியத் தொழிலாளரை மொரீஷியஸ் தீவில் இறக்கியது. அன்று தொடங்கிய ஒப்பந்தக் கூலி முறை, 1917-இல் ஆள் திரட்டுவது நிறுத்தப்படும் வரை நீடித்தது. நேட்டாலுக்கு மட்டும் 1860 முதல் 1911 வரை 1,52,184 பேர் சென்றார்கள். முதற் கப்பலான 'ட்ரூரோ' சென்னையிலிருந்தே புறப்பட்டு, 1860 நவம்பர் 16-ஆம் நாள் டர்பன் துறைமுகத்தை அடைந்தது.

கப்பலேறிய ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, பெயர், தந்தை பெயர், வயது, சாதி, உயரம், மாவட்டம், தாணா, கிராமம் ஆகியவற்றைக் குறித்தார்கள். உடலில் உள்ள தழும்பு, மறு ஆகிய அடையாளங்களையும் எழுதினார்கள். ஓடிப்போனால் பிடிக்கவேண்டும் என்பதற்காக எழுதிய அந்தத் தழும்பு, இன்று பேரனின் பேரனுக்கு முன்னோரின் உருவத்தைக் காட்டும் ஒரே குறிப்பாக இருக்கிறது. பல குடியேற்ற நாடுகளுக்கு 100 ஆண்களுக்கு 40 பெண்கள் என்ற விகிதத்தில் பெண்களையும் அனுப்பவேண்டும் என்று விதி இருந்தது. கணவனோ உறவினரோ துணையின்றித் தனியே சென்ற பெண்கள் அவர்களுள் பலர். நில ஏட்டில் இடம் பெறாத பெண், இந்த ஏட்டில் தன் பெயரோடும் தன் ஊரோடும் நிற்கிறாள்.

மொரீஷியஸின் மோகா நகரிலுள்ள மகாத்மா காந்தி நிலையமும், பிஜியின் தேசிய ஆவணக் காப்பகமும் இத்தகைய பதிவுகளைப் பாதுகாத்து வருகின்றன. சுரினாமுக்குச் சென்றோரின் பதிவேட்டை நெதர்லாந்தின் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாயிலாக இணையத்திலேயே காணலாம்.

இந்த ஏட்டைப் படிப்போர் இரண்டு இடர்களை எதிர்பார்க்கவேண்டும். ஒன்று, பெயர்கள் உருமாறியிருக்கும். மொழி அறியாத எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதினார். தென்னாப்பிரிக்காவில் இன்று வழங்கும் கோவெண்டர் என்ற குடும்பப் பெயரில் கவுண்டரையும், மூட்லி என்பதில் முதலியாரையும் நாம் காண்கிறோம். எழுத்தை நோக்காமல் ஒலியை நோக்கினால்தான் பெயர் பிடிபடும். மற்றொன்று, இடங்களின் எல்லைகள் மாறியிருக்கும். சீட்டில் ஷாஹாபாத் மாவட்டம் என்று கண்டவர் இன்றைய பீகார் வரைபடத்தில் அதைக் காணமாட்டார். 1972-இல் அது போஜ்பூர், ரோஹ்தாஸ் என இரண்டாயிற்று. பின்னர் அவற்றிலிருந்து பக்சர், கைமூர் மாவட்டங்கள் பிரிந்தன. ஆகவே பழைய வரைபடத்தில் தாணாவைக் கண்டு, அங்கிருந்து கிராமத்துக்குச் செல்வதே முறை.

எந்த ஏட்டை நாடினாலும் தேடும் முறை ஒன்றுதான். நம்மிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி ஒவ்வொரு படியாகச் செல்லவேண்டும். புகழ்பெற்ற ஒருவரை முதலில் முன்னோராக வரித்துக்கொண்டு, அவரிடமிருந்து நம்மிடம் இறங்கி வருவது ஆராய்ச்சி ஆகாது. ஒரு தலைமுறைக்கு ஏறத்தாழ 25 முதல் 30 ஆண்டுகள் என்று வைத்துக் கணக்கிட்டுப் பார்ப்பதும் நலம். பாட்டனாரின் பாட்டனார் அக்பரின் படையில் இருந்தார் என்று வீட்டில் சொன்னால், அக்பர் மறைந்தது 1605-இல் என்பதை நினைவு கூர்ந்தாலே போதும். இடையில் பல தலைமுறைகள் காணாமற்போயின என்பது விளங்கும்.

பெயர் ஒன்றாயிருப்பதைக் கொண்டு ஆளும் ஒருவரே என்று துணிதல் கூடாது. 'பேரன்' என்ற நம் சொல்லே 'பெயரன்' என்பதிலிருந்து வந்தது. பாட்டனாரின் பெயரைத் தாங்குபவன் என்பது அதன் பொருள். ஒரு குடும்பத்தில் ஒன்றுவிட்டு ஒரு தலைமுறைக்கு அதே பெயர் வருமானால், இரண்டு ஏடுகளில் காணும் ஒரே பெயர் இருவரைக் குறிக்கலாம். தந்தை பெயரும் ஊரும் பொருந்திய பின்னரே உறுதி கொள்ளவேண்டும். கிடைத்த செய்தி ஒவ்வொன்றுக்கும் எதிரே, சொன்னவர் யார், சொன்ன நாள் எது என்பதைக் குறித்துவைக்கவேண்டும்.

தேடி வருங்கால் நாம் விரும்பாததும் கிடைக்கும். இன்று சொல்லிக்கொள்ளும் சாதி ஒன்றாகவும் ஏட்டில் எழுதிய சாதி வேறாகவும் இருக்கலாம். இறந்துவிட்டதாகச் சொல்லப்பட்ட பாட்டி, கணவனை விட்டுத் தனியே கப்பலேறியிருக்கலாம். அத்தகைய செய்தியை அடித்துவிட்டு எழுதுவது, பட்டியலில் மகளை விட்டுவிட்டு எழுதிய பழைய கணக்கரின் வேலையை நாமும் செய்வதாகும். உயிரோடிருப்பவரின் மனம் நோகாதபடி, எதை எப்பொழுது வெளியிடுவது என்பதில் நிதானம் வேண்டும். ஆனால் குறிப்பில் உண்மை இருக்கவேண்டும்.

இறுதியாக ஒன்று சொல்வோம். நாம் பார்த்த ஏடுகளில் பெரும்பாலானவை ஆண்களின் பெயர்களையே மிகுதியாகக் காத்தன. பெண்களின் பெயர்களையும், அவர்கள் பிறந்த ஊர்களையும், இளமையில் மாண்ட குழந்தைகளையும், ஒரு வீட்டார் மற்றொரு வீட்டாரோடு பேச்சை நிறுத்திய காரணத்தையும் காத்துவைத்திருப்பது வீட்டிலுள்ள முதிய பெண்மணிகளின் நினைவு ஒன்றே. ஹரித்துவாரத்துக்கு அடுத்த ஆண்டு போகலாம். கப்பல் பதிவை அடுத்த மாதம் பார்க்கலாம். பாட்டியின் நினைவோ அதுவரை காத்திராது. ஆகவே ஆராய்ச்சியை அவரிடமே தொடங்குவோம். இன்று மாலையே ஒரு தாளை எடுத்துக்கொண்டு அவரருகில் அமர்ந்து, அவருடைய தாயின் பெயரையும், அந்தத் தாயைப் பெற்றவளின் பெயரையும், அவர்கள் பிறந்த ஊரையும் கேட்டு, அவர் சொல்லியவாறே எழுதி, கீழே நாளையும் குறித்து வைப்போம்.