வலையமைப்புச் சேமிப்பகத்தில் ஊடக வழங்கியை இற்றைப்படுத்தல்

வலையமைப்புச் சேமிப்பகத்தில் ஊடக வழங்கியை இற்றைப்படுத்தல் என்பது, வலையமைப்புடன் இணைந்த சேமிப்புக் கருவியொன்றில் இயங்கும் ஊடக வழங்கி மென்பொருளின் பழைய பதிப்புக்குப் பதிலாகப் புதிய பதிப்பை நிறுவும் பணியாகும். இத்தகைய கருவிகளைப் பொதுவாகத் திரையும் விசைப்பலகையும் இன்றியே பயன்படுத்துவர். ஆகவே இப்பணி வேறொரு கணினியிலிருந்து வலையமைப்பு வழியாகவே செய்யப்படுகின்றது. கருவி வேறு ஊரில் இருக்கும்போது, பணி இடையில் தடைப்பட்டால் நேரில் சென்று சரிசெய்ய ஆள் இருப்பதில்லை. இற்றைப்படுத்தாமல் விட்டால் அறியப்பட்ட பாதுகாப்புக் குறைகள் திறந்தே கிடக்கும். ஆயத்தமின்றி இற்றைப்படுத்தினால் பல ஆண்டுகளாகச் சேர்த்த நூலகப் பட்டியல் அழியக்கூடும்.

அமைப்பு

வலையமைப்புச் சேமிப்பகம் என்பது ஒன்று அல்லது பல வன்தட்டுகளையும், சிறிய செயலி ஒன்றையும், தனக்கென ஓர் இயங்குதளத்தையும் கொண்ட கணினியாகும். சினாலஜி நிறுவனத்தின் டிஎஸ்எம், கியூநாப் நிறுவனத்தின் கியூடிஎஸ் ஆகிய இயங்குதளங்கள் லினக்சை அடிப்படையாகக் கொண்டவை.

ஊடக வழங்கி என்பது அவ்வன்தட்டுகளில் உள்ள திரைப்படங்கள், பாடல்கள், ஒளிப்படங்கள் ஆகியவற்றைப் பட்டியலிட்டு, தொலைக்காட்சி, கைப்பேசி முதலியவற்றுக்கு அனுப்பும் மென்பொருளாகும். பெறும் கருவிக்கு ஒரு கோப்பின் வடிவம் புரியாவிடில், அதனை உடனுக்குடன் வேறு வடிவத்துக்கு மாற்றியும் தரும். பிளெக்ஸ், எம்பி, ஜெல்லிஃபின் ஆகியன பரவலாக அறியப்பட்ட ஊடக வழங்கிகளாகும். பிளெக்ஸ், எக்ஸ்பிஎம்சி என்னும் கட்டற்ற மென்பொருளிலிருந்து கிளைத்தது. எம்பி தனது மூலநிரலை மூடியதைத் தொடர்ந்து, 2018 டிசம்பரில் அதிலிருந்து ஜெல்லிஃபின் கட்டற்ற மென்பொருளாகப் பிரிந்தது.

ஊடக வழங்கி ஒன்றில் மூன்று பகுதிகளைப் பிரித்தறிதல் வேண்டும்.

1. நிரல்: இற்றைப்படுத்தும்போது மாற்றப்படும் பகுதி. மீண்டும் தரவிறக்கிக்கொள்ளலாம்.
2. தரவுத்தளம்: நூலகப் பட்டியல், பயனர் கணக்குகள், பார்த்தவை பற்றிய குறிப்புகள், கையால் திருத்திய தலைப்புகள் ஆகியவற்றைக் கொண்டது. பிளெக்ஸ், ஜெல்லிஃபின் இரண்டும் இதற்கு எஸ்கியூலைட்டைப் பயன்படுத்துகின்றன.
3. ஊடகக் கோப்புகள்: வன்தட்டில் தனிக் கோப்புறைகளில் உள்ளவை. இற்றைப்படுத்தல் இவற்றைத் தொடுவதில்லை.

உண்மையான இடர் இரண்டாவது பகுதியில் உள்ளது. புதிய பதிப்பு முதன்முறை இயங்கும்போது, தரவுத்தளத்தின் கட்டமைப்பைத் தன் தேவைக்கேற்ப மாற்றியமைக்கக்கூடும். அவ்வாறு மாறிய தரவுத்தளத்தைப் பழைய பதிப்பால் படிக்க இயலாமற் போகலாம். எனவே பழைய நிரலை மீண்டும் நிறுவுவதால் மட்டும் பழைய நிலைக்குத் திரும்பிவிட முடியாது.

இற்றைப்படுத்தலின் தேவை

2014 ஆகத்து மாதத்தில் சினோலாக்கர் என்னும் பணயத் தீநிரல், சினாலஜி கருவிகளில் இருந்த கோப்புகளை மறையாக்கம் செய்து பணம் கேட்டது. அது பயன்படுத்திய இயங்குதளக் குறைக்கான திருத்தம் 2013 டிசம்பரிலேயே வெளியிடப்பட்டிருந்தது. திருத்தத்தை நிறுவாத கருவிகளே பாதிக்கப்பட்டன.

ஊடக வழங்கியையே வழியாகக் கொண்ட தாக்குதலும் நிகழ்ந்துள்ளது. 2022-ல் கடவுச்சொல் காப்பகச் சேவையான லாஸ்ட்பாஸ் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவரது வீட்டுக் கணினியில் தாக்குநர்கள் விசைப்பதிவு நிரலை நிறுவினர். அதன் வழியே நிறுவனத்தின் காப்புநகல்களை எட்டினர். அவர்கள் நுழைந்தது பிளெக்ஸ் வழங்கியின் குறை ஒன்றின் வழியாகும். அதற்கான திருத்தம் 2020 மே மாதத்திலேயே வெளிவந்திருந்தது. ஏறத்தாழ 75 பதிப்புகளுக்கு முன்னரே அது சரிசெய்யப்பட்டதாகப் பிளெக்ஸ் நிறுவனம் 2023-ல் தெரிவித்தது. 2025 ஆகத்து மாதத்திலும் மற்றொரு குறைக்காக 1.42.1 பதிப்புக்கு மாறுமாறு அந்நிறுவனம் பயனர்களைக் கேட்டுக்கொண்டது.

பொதியைத் தேர்தல்

கருவியின் பொதி மையத்தில் கிடைக்கும் பதிப்பு, மென்பொருளை உருவாக்கியோர் வெளியிடும் பதிப்பைவிடப் பின்தங்கியிருப்பதுண்டு. அந்நிலையில் பொதியை உருவாக்கியோரின் தளத்திலிருந்து தரவிறக்கி, நிர்வாகப் பக்கத்தின் வழியே கையால் நிறுவலாம். பொதி இரண்டு வகையில் பொருந்தவேண்டும். ஒன்று செயலியின் வகை: இன்டெல் வகைச் செயலிக்கான பொதி ஆர்ம் செயலியில் இயங்காது. மற்றொன்று இயங்குதளப் பதிப்பு: டிஎஸ்எம் 6, டிஎஸ்எம் 7 ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பொதிகள் உள்ளன.

2021-ல் வெளியான டிஎஸ்எம் 7, வெளியார் பொதிகள் முழு நிர்வாக உரிமையுடன் இயங்குவதைக் கட்டுப்படுத்தியது. இதனால் பிளெக்ஸ் வழங்கி தனக்கென உள்ள பயனர் கணக்கில் இயங்கத் தொடங்கியது. ஊடகக் கோப்புறைகளைப் படிக்கும் உரிமையை அக்கணக்குக்கு வழங்காதவரை, கோப்புகள் வன்தட்டில் இருந்தும் வழங்கி அவற்றைக் காணாது.

தொலைவிலிருந்து அணுகுதல்

நிர்வாகப் பக்கத்தை இணையத்துக்கு நேரடியாகத் திறந்துவைத்தல் தவிர்க்கப்படவேண்டும். மெய்நிகர் தனியார் வலையமைப்பின் வழியே வீட்டு வலையமைப்பில் நுழைந்து, அதன்பின் நிர்வாகப் பக்கத்தையோ எஸ்எஸ்எச் நெறிமுறையையோ பயன்படுத்துதல் பாதுகாப்பானது.

கட்டளை வரியில் பணிபுரிகையில் இணைப்பு அறுந்தால், அதில் தொடங்கிய நிறுவலும் பாதியில் நின்றுவிடலாம். ஸ்கிரீன், டிமக்ஸ் போன்ற நிரல்களுக்குள் கட்டளையை இட்டால், இணைப்பு அறுந்தாலும் பணி தொடரும். மீண்டும் இணைந்து விட்ட இடத்திலிருந்து பார்க்கலாம்.

மெய்நிகர் வலையமைப்பு மென்பொருள் அதே சேமிப்பகத்தில் இயங்குமாயின், அதனையும் இயங்குதளத்தையும் ஊடக வழங்கியையும் ஒரே வேளையில் இற்றைப்படுத்தக்கூடாது. ஒன்று பிழைத்தால் உள்ளே செல்லும் வழியே அடைபட்டுவிடும். திசைவியில் மற்றொரு நுழைவழி வைத்திருத்தல் நன்று.

செய்முறை

1. தற்போதைய பதிப்பின் எண்ணைக் குறித்துக்கொண்டு, புதிய பதிப்பின் வெளியீட்டுக் குறிப்பைப் படித்தல்.
2. தற்போதைய பதிப்பின் பொதியையும் தரவிறக்கி வைத்தல்.
3. எவரும் படம் பார்க்கவில்லை என்பதை உறுதிசெய்து, ஊடக வழங்கியை நிறுத்துதல்.
4. தரவுத்தளக் கோப்புறை முழுவதையும் வேறொரு கருவிக்குப் படியெடுத்தல்.
5. புதிய பொதியை நிறுவி, வழங்கியை இயக்குதல்.
6. பதிவுக்கோப்பைப் பார்த்து, தரவுத்தள மாற்றம் முடியும்வரை காத்திருத்தல்.
7. பதிப்பு எண்ணைச் சரிபார்த்து, படமொன்றை ஓட்டிப் பார்த்தல்.

மூன்றாவது படி இன்றியமையாதது. எஸ்கியூலைட் இயங்கிக்கொண்டிருக்கையில், அண்மைய மாற்றங்கள் முதன்மைக் கோப்பில் சேராமல் அருகிலுள்ள துணைக் கோப்பில் இருக்கக்கூடும். அந்நிலையில் முதன்மைக் கோப்பை மட்டும் படியெடுத்தால் அந்நகல் குறைபட்டதாகவோ பழுதானதாகவோ இருக்கும். பிளெக்ஸ் வழங்கி மூன்று நாட்களுக்கு ஒருமுறை தானே காப்புநகல் எடுக்கும் வசதி கொண்டது. எனினும் அந்நகல் சில நாட்கள் பழையதாக இருக்கலாம். இயல்பிருப்பாக அதே கருவியிலேயே சேமிக்கப்படுகின்றது.

ஆறாவது படியில் பொறுமை தேவை. 2025 அக்டோபரில் வெளியான ஜெல்லிஃபின் 10.11 பதிப்பு, நூலகத் தரவுத்தளத்தைப் புதிய கட்டமைப்புக்கு மாற்றியது. பெரிய நூலகங்களிலும் வலுக்குறைந்த செயலிகளிலும் இம்மாற்றம் நெடுநேரம் எடுக்கும். அதுவரை வழக்கமான பக்கம் தோன்றாது. தொலைவில் இருப்பவர் வழங்கி செயலிழந்ததென எண்ணிக் கருவியை மறுதொடக்கம் செய்தால், தரவுத்தளம் பாதி மாறிய நிலையில் சிதைந்துவிடலாம்.

பழைய நிலைக்குத் திரும்புதல்

புதிய பதிப்பு சரிவர இயங்காவிடில், வழங்கியை நிறுத்தி, பழைய பொதியையும் இற்றைப்படுத்துமுன் எடுத்த தரவுத்தள நகலையும் சேர்த்தே மீட்டெடுக்கவேண்டும். பொதியை அகற்றும்போது தரவையும் அழிக்கவா என்று கருவி கேட்குமாயின், அழிக்க வேண்டாம் என்றே தெரிவுசெய்தல் வேண்டும். டோக்கர் கொள்கலனாக நிறுவியிருப்பின், பழைய பதிப்பு எண்ணைக் குறிப்பிட்டுக் கொள்கலனை மீண்டும் உருவாக்கலாம். அங்கும் தரவுக் கோப்புறையின் பழைய நகல் தேவைப்படும்.

பல வன்தட்டுகளில் தரவைப் பகிர்ந்து வைக்கும் ரெய்டு முறை, காப்புநகலுக்கு ஈடாகாது. ஒரு வன்தட்டு பழுதானால் அது உதவும். ஆனால் தரவுத்தளம் சிதைந்தால், அச்சிதைவும் எல்லா வன்தட்டுகளிலும் ஒருசேரப் பதிவாகும். கருவிக்கு வெளியே உள்ள நகலே கருவி முழுவதும் பழுதுபட்டாலும் பயன்படும்.